பேசவும் கேட்கவும் ஒரே ஒயர்

சிங்காநல்லூரில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு குரு இருக்கிறார். பெயர் வினோதினி. வயது முப்பத்தாறு. தாடியும் கிடையாது, தண்டமும் கிடையாது. நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கார்களுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பழுது பார்ப்பது அவர் தொழில். நீங்கள் ஒரு குரு என்று அவரிடம் போய்ச் சொன்னால் சிரித்துவிடுவார்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்ற வெள்ளியங்கிரி வாத்தியார். பாடம் சொல்லியே பழகிய வாய். அந்த வாயோடு ஒருவர் பாடம் கேட்க வந்தால் என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் படியேறி வந்தார். கீழே ரோட்டோரம் அவருடைய பழைய வெள்ளைக் கார் நின்றது.

“ஏனுங்க அம்மணி, கார் கம்ப்யூட்டர் பார்க்கறது நீங்கதானா?”

“நான்தானுங்க. உக்காருங்க.”

“வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னு போகுது. மூணு ஒர்க்ஷாப்புல காட்டியாச்சு. அவங்க வச்சிருக்கற ஸ்கேனர் இந்த வண்டிகூடப் பேச மாட்டேங்குது.”

குரு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“ரெண்டாயிரத்து ஒண்ணு மாடலுங்களா? அது பேசாதுங்க. அந்தக் காலத்து வண்டிக்குப் பாஷை வேற. அதுக்குன்னு ஒரு கேபிள் செஞ்சு, லேப்டாப்புல மாட்டித்தான் கேக்கணும்.”

“அப்பச் செஞ்சு கேட்டுச் சொல்லுங்க. தப்பு வண்டி மேலயா, ஓட்டறவங்க மேலயா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்.”

“ஓட்டறது யாருங்க?”

“என் சம்சாரம். நான் ஓட்டினா நிக்கறதில்லை. அவ ஓட்டினா நிக்குது. கணக்கு நேராத்தானே இருக்குது?”

“நீங்க எதுவரைக்கும் ஓட்டுவீங்க?”

“உழவர் சந்தை வரைக்கும்.”

“அவங்க?”

“சூலூர் வரைக்கும்.”

உழவர் சந்தை வாத்தியார் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்; சூலூர் பத்துக்கு மேல். கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்கு மட்டும் ஏனோ வரவில்லை.

வாத்தியாரின் மனைவி கமலவேணி நாற்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். புதன், சனி இரண்டு நாளும் தானே ஓட்டிக்கொண்டு சூலூர் போய், அங்கே ஒரு மண்டபத்தில் பெண்களுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை சொல்லிக் கொடுப்பார். ஜாக்கெட்டில் மயில் வைப்பது எப்படி, மாங்காய் வைப்பது எப்படி என்று இருபது பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில் காலையிலிருந்தே ஏதாவது பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

வழியில் வண்டி மூன்று முறை நின்றது. மூன்று முறையும் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கிளட்சை எப்படி மிதிக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். மூன்றாவது பாடம் முடிந்ததும் கமலவேணி சாவியை மேஜை மேல் வைத்தார். “வித்துருங்க” என்றார்.

அதோடு சூலூர் நின்றது, பாட்டும் நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, எதைக் கேட்டாலும் “சரிங்க” என்று பதிலும் வந்தது. அந்தச் “சரிங்க” வாத்தியாரைத் தின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பார்த்து எடுத்துப் போக ஆள் வருவதாகப் பேச்சு. வண்டி போய்விட்டால் வீடு இப்படியே இருந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் விடைத்தாளைத் திருத்தாமல் அவரால் தூங்க முடியாது. தப்பு யார் மேல் என்று தெரிந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்.

“கேட்டுச் சொல்றேனுங்க. ஆனா நான் சொன்னா நம்புவீங்களா?” என்றார் குரு.

“மத்தவங்க சொல்லி நம்பற பழக்கம் எனக்கு இல்லை அம்மணி. படிப்படியா எனக்கே தெரியணும்.”

“அப்ப நீங்களே செய்யுங்க.”

குரு ஒரு பிளாஸ்டிக் தட்டை அவர் முன்னால் நகர்த்தினார். அதில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன போர்டு, மிளகு அளவில் இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், காரில் மாட்டும் பிளக் ஒன்று, மூன்று நிறத்தில் ஒயர்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?”

“உங்க கையைப் பொறுத்துதானுங்க.”

புதன்கிழமை முழுக்கச் சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டுகிற வேலை. வாத்தியார் சூட்டுக்கோலை சாக்பீஸ் பிடிப்பதுபோல் பிடித்தார். ஈயம் உருகியது, உருண்டது, மேஜையில் சொட்டியது. ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. ஒட்டியதும் விரலால் தொட்டால் கழன்று வந்தது.

“ஈயம் மட்டமான ஈயமுங்களா அம்மணி?”

குரு கோலை வாங்கினார். ஈயத்தைத் தொடவே இல்லை. ரெசிஸ்டரின் கம்பிக் காலில் கோலின் நுனியை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். மூன்று எண்ணும் நேரம் ஆனது. அதன் பிறகு ஈயத்தைக் காலின் மறுபக்கம் காட்டினார். அது தானாக ஓடிப்போய்ச் சுற்றிலும் உட்கார்ந்துகொண்டது.

“நீங்க ஈயத்தைச் சுட்டீங்க” என்றார்.

“வேற எதைச் சுடறது?”

“எது வாங்கிக்கணுமோ அதை.”

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து இதை எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புரிந்ததா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. சாயங்காலத்துக்குள் ஒன்பது இடத்தில் ஈயம் நன்றாக உட்கார்ந்தது. சின்ன வயசில் முதல் முறை சைக்கிள் ஓட்டியபோது வந்த சந்தோஷம் அவருக்கு வந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குப் போய், “இன்னைக்கு ஈயம் வச்சேன்” என்றார். “சரிங்க” என்றார் கமலவேணி.

வியாழக்கிழமை கேபிள் தயார்.

“இந்த ரெண்டு ஒயர் பேட்டரிக்கு. இந்த மூணாவது ஒயர்தான் பேச்சு” என்றார் குரு.

“பேச ஒண்ணு, கேக்க ஒண்ணு, ரெண்டு வேண்டாமா?”

“அந்தக் காலத்து வண்டியில ஒண்ணுதானுங்க. பேசறதும் அதுலதான், கேக்கறதும் அதுலதான். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசாம இருக்கணும்.”

“அப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்லை அம்மணி” என்று வாத்தியார் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

கீழே போய், காரின் டேஷ்போர்டுக்கு அடியில் கேபிளை மாட்டினார்கள். முன்சீட்டில் லேப்டாப். அதற்குள் குருவுக்கு மேலேயிருந்து போன் மணி. “நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் கேட்றாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

ஒண்ணும் கேட்காதே என்று ஒரு வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனால் அவர் கேட்காமல் இருப்பாரா?

கையில் ஒரு அச்சடித்த தாள் இருந்தது. வண்டியின் கோளாறுக்கெல்லாம் நம்பர் போட்ட பட்டியல். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்றில் கண் நின்றது. ‘கால் மிதி (பெடல்) சம்பந்தப்பட்ட கோளாறு.’

லேப்டாப்பில் 41 என்று அடித்து அனுப்பினார். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் பதில் வந்தது. 41.

மறுபடியும் அனுப்பினார். 41. எதையும் மூன்று முறை சரிபார்ப்பது அவர் வழக்கம். மூன்றாவது முறையும் 41.

வாத்தியாருக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். கூடவே கொஞ்சம் வருத்தமும். வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“கமலா, வண்டியே சொல்லிருச்சு. நாப்பத்தொண்ணு. கால் மிதியிலதான் கோளாறாம். நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?”

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

“சரிங்க” என்று சொல்லிவிட்டுக் கமலவேணி போனை வைத்துவிட்டார்.

குரு இறங்கி வந்தபோது வாத்தியார் திரையைக் காட்டினார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் முகம். குரு திரையைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். பிறகு குனிந்து, பேட்டரிக்குப் போகும் இரண்டு ஒயரையும் விட்டுவிட்டு, பேச்சு ஒயரை மட்டும் காரிலிருந்து உருவி, அவர் கண் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இப்பக் கேளுங்க.”

“ஒயரைத்தான் கழட்டீட்டீங்களே?”

“கேளுங்க.”

வாத்தியார் 41 அடித்தார். 41 வந்தது.

“வேற நம்பர் கேளுங்க.”

23 அடித்தார். 23 வந்தது.

“பட்டியல்ல இல்லாத நம்பர்.”

99 அடித்தார். 99 வந்தது. வாத்தியாரின் முகத்தில் இருந்த முதல் மார்க் மெல்ல இறங்கியது.

“மரியாதை தெரிஞ்ச வண்டிங்க. வாத்தியார் எதைச் சொன்னாலும் ஆமாங்குது” என்றார் குரு.

“அப்பப் பதில் சொன்னது யாரு?”

“நீங்கதானுங்க. ஒரே ஒயரில்லீங்களா? நீங்க சொல்றது வண்டிக்கும் போகும், உங்களுக்கே திரும்பியும் வரும். முதல்ல வர்றது எப்பவும் நாம சொன்னதுதான். அதைக் கழிச்சுட்டு, அதுக்கப்புறம் வர்றதைத்தான் படிக்கணும்.”

“அதுக்கப்புறம் ஒண்ணுமே வரலையே.”

“எப்படிங்க வரும்? நீங்க இன்னும் சாவியே போடலையே. வண்டி தூங்குது.”

வாத்தியார் சாவி போடும் இடத்தைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. சாவி அவருடைய சட்டைப் பையில், டைரிக்குப் பக்கத்தில் இருந்தது.

அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வெட்கம். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகளை இந்த மாதிரித் தப்புக்கு எழுப்பி நிறுத்தியிருப்பார். ஆனால் வெட்கத்தை விடப் பெரியது ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“நான் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன் அம்மணி.”

குரு கேபிளைச் சுருட்டினார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

“நாளைக்கு வெள்ளனே வாங்க” என்றார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது வாத்தியார் இரண்டு முறை வாயைத் திறந்தார். ‘வண்டி அப்படிச் சொல்லவில்லை’ என்று சொன்னால், ‘பின்னே எப்படிச் சொன்னது’ என்று கமலவேணி கேட்டால் என்ன பதில் சொல்வது? அவருக்கே தெரியாத விடையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு முறையும் வாயில் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து நின்றார். இந்த முறை குரு பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வாத்தியார் முதல் வேலையாகச் சாவியைப் போட்டுத் திருப்பினார். டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன.

“பழைய கம்ப்யூட்டருங்க. நிதானமாக் கூப்பிடணும். ஒரே ஒரு நம்பரைச் சொல்லி எழுப்பறதுக்கே ரெண்டு செகண்டு ஆகும். கூப்பிட்டுட்டுக் காத்திருக்கணும்.”

வாத்தியார் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. உடனே மறுபடி அடித்தார்.

“போச்சுங்க. அது வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க. இனி அது பேசாது. முதல்ல இருந்து.”

இரண்டாம் முறையும் போனது. மூன்றாம் முறையும் போனது. நான்காம் முறை வாத்தியாருக்கே கோபம் வந்துவிட்டது.

“என்னங்க இது, பதில் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?”

“கையை எடுத்து மடியில வச்சுக்கங்க” என்றார் குரு.

வாத்தியார் ஒன்றாம் வகுப்புப் பையன்போல இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். குரு ஒரு விரலால் பட்டனைத் தட்டினார். திரையில் ஒரு நம்பர் வந்தது.

“இது யாருங்க?” என்றார் குரு.

“நாம.”

“அடிச்சுருங்க.”

வாத்தியார் தாளில் அதை எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டார். கை மறுபடி மடிக்குப் போனது. ஒன்றும் வரவில்லை. கை லேசாக எழுந்தது. குரு திரும்பிப் பார்த்தார். கை உட்கார்ந்துகொண்டது.

அப்போது திரையில் எண்கள் வந்தன. வாத்தியார் அடிக்காத எண்கள். ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஒரு வரிசை. இருபது வருடத்துக்கு மேல் வாசலில் நின்ற வண்டி அவரோடு முதல் முறையாகப் பேசியது. அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“அம்மணி, இதெல்லாம் நான் சொல்லலை!”

“நீங்க சொல்லலைங்க. படியுங்க.”

பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். நாற்பத்தொன்று எங்கேயும் இல்லை. கோளாறு நம்பர் என்று இருந்தது பதினாலு மட்டும்தான்.

“இன்ஜின் சுத்தறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சாருங்க அது. நடுவுல அதோட பேச்சு அறுந்து போகுது. பேச்சு அறுந்தா, இன்ஜின் சுத்தலைன்னு நினைச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திரும்” என்றார் குரு.

“அப்பத் தப்பு அவ மேல இல்லை?”

“இல்லீங்க.”

வாத்தியார் தாளில் பதினாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“ஏன் அறுந்து போகுது?”

“சூடானா அறும். குழியில குலுங்கினா அறும். மழைத் தண்ணி புகுந்தாலும் அறும். ஒவ்வொண்ணுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேற. எதுனாலன்னு வண்டிக்குத் தெரியாதுங்க. நின்னப்ப உள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும். அவங்க என்ன சொன்னாங்க?”

“கிளட்சை முழுசா மிதிச்சியான்னு கேட்டேன். கியர் எதுல இருந்துச்சுன்னு கேட்டேன்.”

“அது நீங்க கேட்டதுங்க. அவங்க என்ன சொன்னாங்க?”

வாத்தியார் நினைத்துப் பார்த்தார். கூடம் நினைவுக்கு வந்தது, நாற்காலி நினைவுக்கு வந்தது. ஸ்டீலில் செய்த டம்ளரைக் கிளட்ச் என்று வைத்துக்கொண்டு, தான் காலால் மிதித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. மூன்று நாளையும் எவ்வளவு துழாவியும் கமலவேணி சொன்னதாக ஒரு வாக்கியம் கூட அகப்படவில்லை. அவள் ஏதோ சொல்ல வந்தாள். அது வரை தெரிகிறது. அதற்கு மேல் எல்லாம் அவர் குரல்தான்.

“தெரியலை அம்மணி” என்றார். அவர் இந்த வார்த்தையைச் சொல்லி நெடுநாள் ஆகியிருந்தது.

“போன் பண்ணிக் கேளுங்க. ஒரு கேள்வி போதும்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டு மேல் வைத்தார். கமலவேணி எடுத்தார்.

“சொல்லுங்க.”

“கமலா, நேத்து நான் சொன்னது தப்பு. வண்டி அப்படிச் சொல்லவே இல்லை. நான் கேட்டது எனக்கே திரும்பி வந்துச்சு, அதை வண்டி சொன்னதா நினைச்சுட்டேன். வண்டி நின்னப்ப என்னாச்சு?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வாத்தியார் வாயைத் திறந்தார். குரு அவர் மடியைக் காட்டினார். கை மடிக்குப் போனது, வாயும் மூடிக்கொண்டது. எதிரே பஸ் ஒன்று நின்று, ஆள் இறக்கி, ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அதுவரை அவர் பேசவில்லை.

“நெசமாத்தான் கேக்கறீங்களா?” என்றது கமலவேணியின் குரல்.

“ம்.”

“போகும்போது ஒரு நாளும் நின்னதில்லீங்க. திரும்பி வரும்போதுதான். மூணு தடவையும் உச்சி வெயில்ல. இன்ஜின் சுத்தறதைக் காட்டற முள்ளு இருக்குதில்லீங்க, முதல்ல அது பொத்துனு கீழ விழுந்துரும். அப்புறந்தான் இன்ஜின் சத்தம் நிக்கும். அப்ப நான் கிளட்சுல காலே வைக்கலை. கால் மணி நேரம் போனா அதுபாட்டுக்கு ஸ்டார்ட் ஆயிரும்.”

குரு சட்டென்று நிமிர்ந்தார். ஒன்றும் பேசாமல் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார்.

கமலவேணி நிறுத்தவில்லை.

“ஒண்டிப்புதூர் மேம்பாலத்துல நின்னப்பப் பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தானுங்க. ஒத்தையா இறங்கித் தள்ளினேன். எளநி விக்கறவர் ஒருத்தர் சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்தாரு. உங்களுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். அப்புறம், கிளட்சுன்னுதான் சொல்வீங்கன்னு உள்ள வச்சுட்டேன்.”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. கை மடியிலேயே இருந்தது.

குரு ஜன்னல் பக்கம் வந்து, போனில் கேட்கும்படி சொன்னார்.

“அக்கா, கண்டுபிடிச்சாச்சுங்க. சென்சார் ஒயரு சைலன்சர் குழாயில உரசிக்கிட்டுப் போகுது. தூரம் ஓடிச் சூடானா மேலுறை இளகி இரும்புல ஒட்டிக்குது. ஆறினா விட்டுருது. ஒரு சாண் ஒயரு மாத்தினாப் போதும்.”

“மாத்தினா மேம்பாலத்துல நிக்காதுங்களா?”

வாத்தியார் பதில் சொல்லப் போனவர், குருவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“நிக்காதுங்கக்கா.”

“அப்ப நாலு மணிக்கு நான் பஸ்ஸுல வர்றேன். சூலூர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம். நான்தான் ஓட்டுவேன்னு அவர்கிட்டச் சொல்லீருங்க.”

அந்த ஒரு சாண் ஒயரை வாத்தியாரே மாற்றினார். கம்பியைச் சுட்டார், காத்திருந்தார், ஈயத்தைக் காட்டினார். ஓடி உட்கார்ந்தது. குழாய்ப் பக்கம் போகாமல் கட்டி வைத்தார்.

நாலு மணிக்குக் கமலவேணி பஸ்ஸிலிருந்து இறங்கினார். குருவைப் பார்த்து, “அந்த அம்மணி நீங்கதானா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கணவரிடம், “ஞாயித்துக்கிழமை ஆளை வர வேண்டாம்னு சொல்லியாச்சுங்க” என்றார். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். வாத்தியார் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஒண்ணேகால் மணி நேரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. முள் ஒரு முறை கூட விழவில்லை. போகவும் வரவும் கமலவேணி பேசிக்கொண்டே வந்திருக்கிறார். மாங்காய்க்கும் மயிலுக்கும் நடுவில் சர்தோசி ஜரிகை எப்படி வைப்பது என்பது வரை வாத்தியாருக்கு இப்போது தெரியும். கிளட்சைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்பதைக் கமலவேணியே பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

கமலவேணி இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். உள்ளே ஏதோ பாட்டு மெல்ல முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. வாத்தியார் மட்டும் இறங்கிக் குருவிடம் வந்தார். கையில் கேபிள் இருந்தது.

“ஒரு சந்தேகம் அம்மணி.”

“கேளுங்க.”

“முள்ளு விழுந்தது, சூடானா நிக்கறது, கால் மணி நேரம், எல்லாமே இவளுக்குத் தெரிஞ்சிருக்குது. முதல் நாளே நான் இவகிட்டக் கேட்டிருந்தா, இந்தக் கேபிளே வேண்டியிருந்திருக்காதில்லீங்களா?”

குரு நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார்.

“முதல் நாள் நீங்க கேட்டிருந்தா, ‘ஆமாங்க, தப்பு என் கால் மேலதான்’னு சொல்லியிருப்பாங்க, வாத்தியாரய்யா.”